மூன்றாவது காலுறை

அத்தியாயம் 5

"பதினொரு தரம் ஃபோன் அடிக்க நேரமிருந்த மனுசனுக்கு ஒருக்காச் சுட நேரமில்லையோ?"

யோகராணி அம்மாள் இந்தக் கேள்வியை எங்களிடம் கேட்கவில்லை. மகனுடைய கட்டில் தலைமாட்டில், சார்ஜரில் கிடந்த கைபேசியிடம் கேட்டார். அதன் பூட்டு எண் அவருக்குத் தெரியாது. ஆனாலும் ஐந்து மாதமாக ஒரு நாள் தவறாமல் அதற்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டிருந்தார். திரையில் ஒரே ஒரு வரி: 'பாலா மாமா, தவறிய அழைப்புகள் 11.'

நடந்தது ஓஸ்லோ முழுக்கத் தெரிந்த கதைதான். செப்டம்பர் மாதம், சனிக்கிழமை மத்தியானம், நகரத்தின் கிழக்குப் பக்கத்து ஷாப்பிங் சென்டர் ஒன்றில் ஒருவன் கைத்துப்பாக்கியோடு நுழைந்தான். ஆறு நிமிடம். இரண்டு பேர் செத்தார்கள். ஒருவர் எழுபத்தொரு வயது ஓய்வுபெற்ற தபால்காரர். இன்னொருவன் யோகராணி அம்மாளின் ஒரே மகன் கவிசன், இருபத்துமூன்று வயது. சுட்டவனைப் போலீஸ் அங்கேயே பிடித்துவிட்டது. அவனைப் பற்றி இந்த அம்மாவுக்குக் கேள்வி எதுவும் இல்லை.

கேள்வியெல்லாம் அந்த 'பாலா மாமா' பாலேந்திரனைப் பற்றி. கவிசனைத் துப்பாக்கிப் பயிற்சித் திடலுக்குக் கூட்டிப்போய், திரும்பி வரும் வழியில் அந்த சென்டரின் கார் நிறுத்துமிடத்தில் வண்டியை நிறுத்தியவர் அவர். காரில் அவருடைய வேட்டைத் துப்பாக்கி இருந்தது. லைசென்ஸ் உண்டு, குறி தவறாதவர் என்ற பேரும் உண்டு. உள்ளே வெடிச்சத்தம் கேட்ட ஆறு நிமிடமும் மனுஷர் காருக்குப் பின்னால் குந்தியிருந்தார். கோயிலில், கல்யாண மண்டபத்தில், முருங்கைக்காய் வாங்கும் வரிசையில் எல்லாரும் ஏன் என்று கேட்டுவிட்டார்கள். ஒருவருக்கும் அவர் பதில் சொல்லவில்லை.

"அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ பிள்ளை," என்றார் யோகராணி அம்மாள். "வேறை ஒண்டும் வேண்டாம்."

பிள்ளை என்று அவர் அழைத்தது ஹம்சத்வனியை. முப்பத்தாறு வயது. எட்டு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் நொண்டிகளை ஓடவைத்துப் பிடித்த பெண். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறாள். நான் அவளுடைய உதவியாளன் முத்துசாமி, கோவில்பட்டி. மீனின் காதுக்குள் இருக்கும் கல்லைப் பார்த்து அதன் வயதைச் சொல்லும் வேலையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வுபெற்றேன். மீன் வயதை மறைக்காது. மனிதர்களிடம் வந்த பிறகுதான் எனக்குத் தொழிலில் சிரமம்.

"சாமான்களைத் திருப்பித் தந்தவையெல்லோ அன்ரி, அதைப் பாக்கலாமோ?" என்றாள் ஹம்சத்வனி.

போலீஸ் திருப்பிக் கொடுத்த பழுப்புக் காகிதப் பை வந்தது. கூடவே ஒரு பட்டியல். அவள் வாசித்தாள்.

"கறுப்புச் சப்பாத்து, ஒரு சோடி. கறுப்புப் பருத்திக் காலுறை, ஒரு சோடி. சாவி. ஃபோன். ரெண்டு பொல்சே வாங்கின பில் துண்டு. பிறகு உல்சொக், சாம்பல் நிறம், ஒண்டு."

பொல்சே என்பது ரொட்டியில் சுருட்டித் தரும் சாசேஜ். உல்சொக் என்பது கம்பளிக் காலுறை. ஒன்று. பையன் காலில் ஒரு ஜோடி இருக்க, பையில் தனியாக மூன்றாவது. நான் வாயைத் திறந்தேன். ஹம்சத்வனி என் காலை மிதித்தாள். எங்கள் அலுவலகத்தில் இதற்குப் பெயர் சம்பளம்.

"அதுக்குக் கீழை இருக்கிற வரியைக் கறுப்பு மையாலை மறைச்சிருக்கினம், ஏன்?" என்று கேட்டாள்.

"தெரியேல்லை பிள்ளை. ஃபோனை எடுத்த பிறகு நான் அந்தப் பையைத் திறக்கவே இல்லை."

"இது உங்கடை மகனுக்கு வந்த தாள். இதிலை மறைக்கிறதெண்டால் அந்தச் சாமான் வேறை ஆருடையதோ. அதை உரியவரிட்டைக் குடுத்திருப்பினம்." காலுறையை விளக்கடியில் பிடித்தாள். "ஐயா, இதைப் பாருங்கோ."

பார்த்தேன். குதிகாலில் தேய்மானம் இல்லை, அடியில் அழுக்கில்லை. ஒரு கால்கூட அதற்குள் போனதில்லை. விரல் முனை மட்டும் கறுத்து, எண்ணெய் ஊறிக் கிடந்தது. முகர்ந்தேன்.

"மிஷின் எண்ணெய் மேடம். மீன் எண்ணெய் இல்லை. அந்த ஒரு விஷயத்தில் நான் பொய் சொல்ல மாட்டேன்."

காலுறையின் வாயோரத்தில் சிவப்பு நூலில் சின்னதாக ஒரு சிலுவை பின்னியிருந்தது. ஹம்சத்வனி அதை விரலால் தடவிவிட்டுக் கேட்டாள்:

"சுடேக்கை கவிசன் எங்கை நிண்டவர்?"

"பொல்சே விக்கிற கியோஸ்கிலை. அங்கை நிக்கிற பிள்ளை சொன்னது, அவன் அவையளோடை பின்னாலை சாமான் அறைக்குள்ளை பூட்டிக்கொண்டு இருந்தவனாம். பிறகு தானே கதவைத் திறந்துகொண்டு வெளியாலை போனவனாம். பயத்திலை ஓடிட்டான் எண்டு ஆக்கள் சொல்லுகினம்." அம்மாள் கட்டில் விரிப்பின் சுருக்கத்தை நீவினார். சுருக்கம் எதுவும் இல்லை. "என்ரை பிள்ளை பயந்தவன் இல்லை. அதுதான் எனக்கு விளங்கேல்லை."

"இந்தக் காலுறையை இண்டைக்கு ஒரு நாள் தருவீங்களோ?"

"கொண்டு போங்கோ. இந்த அறைக்குள்ளை அவன்ரை இல்லாத சாமான் அது ஒண்டுதான்."

மோர்டென்ஸ்ருட் ஸ்டேஷனில் ரயில் கிளம்பக் காத்திருந்தது. கடைசி ஸ்டேஷன் என்பதால் ரயிலுக்கும் அவசரமில்லை. பிப்ரவரி மாதம். வெளியே பனி முழங்காலுக்கு. போன வாரம் என் மீசையில் உறைந்த பனியைப் பார்த்து ஒரு நார்வேக்காரர் சறுக்குக் கட்டையை மாட்டிக்கொண்டார். நான் தும்மியதால் தப்பித்தேன்.

"எங்கே போகிறோம் மேடம்?"

"எல்லிங்ஸ்ருட். ஒஸ்லோவிலை கம்பளி பின்னிச் சிலுவை போடுற யாழ்ப்பாணத்துப் பாசையூர் ஆள் ஒராள்தான். மக்டலீன் அன்ரி. மாதா கோயில் சந்தையிலை அவவின்ரை கையுறை நானும் வாங்கினனான். இன்னொண்டு. அவதான் எங்கடை ஆக்களுக்கு வேட்டைப் பரீட்சை வகுப்பு நடத்துறவ."

"நல்லது. ஆனால் ஒன்று சொல்கிறேன். பாலேந்திரன் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்த ஆளைச் சும்மா விட்டிருக்க மாட்டேன்."

"நீங்கள் துவக்குப் பிடிச்சிருக்கிறியளோ?" துவக்கு என்பது இவர்கள் தமிழில் துப்பாக்கி.

"என்ன அப்படிக் கேட்டுவிட்டீர்கள். எட்டயபுரம் கரிசலில் ஒரு முயலை மூன்று மாவட்டம் துரத்தினேன். கடைசியில் அதுவே பரிதாபப்பட்டு என்னைப் பஸ் ஏற்றிவிட்டது."

"சன்னல் பக்கத்துச் சீற்றோ?"

"இல்லை. அதில் ஆமை உட்கார்ந்திருந்தது."

அவள் சிரிக்கவில்லை. அந்த அறையில் பார்த்த கட்டில் இன்னும் அவள் கண்ணில் இருந்தது. நடுவில் இறங்கி ரயில் மாறினோம். எல்லிங்ஸ்ருட் வரும்வரை நானும் பேசவில்லை. இது என் வாழ்நாள் சாதனை.

மக்டலீன் அம்மாள் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்து வகுப்பறையில் இருந்தார். அறுபது வயது, நாலே முக்கால் அடி உயரம். சுவரில் காட்டு எருது அளவுக்கு ஒரு எல்க் மான் படம். அதன் நெஞ்சில் வட்டம் போட்டு, இங்கே சுடு என்று எழுதியிருந்தது. மேசையில் நீலச் சாயம் பூசிய மரத்துப்பாக்கிகள் இரண்டு கிடந்தன, வகுப்பில் பிடித்துப் பழக.

காலுறையைக் கண்டதும் அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். அது மூக்கில்தான் இருந்தது.

"இது நான் பின்னினதுதான்."

"மற்றக் கால் எங்கேம்மா?" என்றேன்.

"சோடியாப் பின்னுறேல்லை. துவக்குக்கு ஒரு கால்தான்." மேசை இழுப்பறையிலிருந்து, விரல் நீளத்தைவிடச் சற்றுப் பெரிய இரும்புத் துண்டு ஒன்றை எடுத்தார். ஒரு பக்கம் கைப்பிடி, வீட்டுத் தாழ்ப்பாள் மாதிரி. "இது போல்ட். துவக்கின்ரை உயிர் இதுக்குள்ளைதான். இதைக் கழட்டினால் மிச்சம் வெறும் குழாய், தண்ணி விடத்தான் உதவும். கழட்டினதைக் கீறல் விழாமல் இதுக்குள்ளை போட்டுப் பொக்கற்றிலை வைப்பினம். என்னட்டைப் படிச்ச எல்லாருக்கும் ஒண்டு பின்னிக் குடுத்தனான்."

"இது கவிசன்ரை பொக்கற்றிலை இருந்தது," என்றாள் ஹம்சத்வனி.

மக்டலீன் அம்மாள் இரும்பைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்ப பாலா தன்ரை விதியை மாத்தேல்லை," என்றார்.

பாலேந்திரனை அவருக்கு நார்வேயின் வடகோடி ஊரான ஹம்மர்பெஸ்டிலிருந்தே தெரியும். இருவரும் அங்கே மீன் தொழிற்சாலையில் ஒரே மேசையில் மீன் வெட்டியவர்கள். வேட்டைக்குப் போகப் பழகியதும் அங்கேதான். பாலேந்திரனுக்கு மட்டும் ஒரு விதி உண்டு. துப்பாக்கி ஒருத்தரிடம், போல்ட் இன்னொருத்தரிடம். காட்டுக்குள் போய், மானைக் கண்டு, இருவரும் தலையாட்டின பிறகுதான் இரண்டும் சேரும். நார்வே வேட்டைக்காரர்கள் முதலில் சிரித்தார்களாம்.

"ஏன் அப்படி?"

"நீங்கள் இந்தியா ஐயா, உங்களுக்கு விளங்காது. எங்கடை ஊரிலை துவக்கு வைச்சிருந்த ஒவ்வொருத்தனும் தனியத்தான் முடிவெடுத்தவன். சந்தியிலை நிண்டு, அரை நிமிசத்திலை. பாலாவின்ரை தமையன் அப்பிடி ஒரு அரை நிமிசத்திலைதான் போனவர். ஆள் மாறிச் சுட்டுப்போட்டு வந்து மன்னிப்புக் கேட்டவங்கள். அதுக்குப் பிறகு பாலா சொல்லுவார், ஒரு துவக்குக்கு ரெண்டு மனுசர் வேணும் எண்டு."

"இருந்தாலும், கண் முன்னால் ஒருத்தன் சுடும்போது..."

"எழும்புங்கோ," என்றார் அம்மாள்.

எழும்பினேன். ஒரு நீலத் துப்பாக்கியை என் கையில் திணித்தார். ஹம்சத்வனியின் காதில் ஏதோ சொல்லிப் பக்கத்து அறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினார்.

"நீங்கள் கடைக்குள்ளை நிக்கிறியள். உங்களிட்டைத் துவக்கு இருக்கு. அந்தப் பக்கத்திலை சுட்டுச் சத்தம் கேக்குது. போங்கோ, ஆக்களைக் காப்பாத்துங்கோ."

எனக்குப் பழக்கமான வேலை. மூன்றே எட்டில் போய்க் கதவைத் தள்ளினேன். எதிரே இருட்டில் ஒரு உருவம், கையில் துப்பாக்கி.

"டுமீல்," என்றேன்.

"ஆரைச் சுட்டனீங்கள்?"

விளக்கைப் போட்டார். ஹம்சத்வனி மற்ற நீலத் துப்பாக்கியோடு நின்றாள்.

"அவவும் உங்களைப்போலை ஆக்களைக் காப்பாத்தத்தான் வந்தவ. சுட்டவன் பின் கதவாலை போய்ட்டான்," என்றார் அம்மாள். "இப்ப உங்களுக்குப் பின்னாலை பொலிஸ் வருது. அவை என்னத்தைக் காணுவினம்?"

நான் என்னையே கொஞ்சம் பின்னாலிருந்து பார்த்தேன். கையில் துப்பாக்கியோடு ஒரு கறுத்த கிழவன். காலடியில் ஒரு பெண்.

துப்பாக்கியை மேசையில் வைத்தேன். மரம்தான். ஆனாலும் மெதுவாக வைத்தேன்.

"நான் வகுப்பிலை சொல்லுறது இவ்வளவுதான். ஓடேலுமெண்டால் பக்கத்திலை நிக்கிறவையையும் இழுத்துக்கொண்டு ஓடு. ஏலாட்டிப் பூட்டிக்கொண்டு இரு. துவக்கு இருக்கெண்டு தேடிப் போகாதை. கதவை உடைச்சுக்கொண்டு உன்னட்டையே வந்தானெண்டால் அது வேறை கதை. பொலிஸ் வரேக்கை உன்ரை கையிலை பத்து விரலைத் தவிர ஒண்டும் இருக்கக் கூடாது."

வெளியே வந்ததும் எனக்கு நெஞ்சு லேசானது. "முடிந்தது மேடம். கறுப்பு மை வரியில் இருந்தது போல்ட். அதைப் போலீஸ் சொந்தக்காரரிடம் கொடுத்துவிட்டது. பாலேந்திரன் கையில் இருந்தது வெறும் குழாய். அவர் சுடாமல் இருக்கவில்லை, அவரால் முடியவே முடியாது. அந்த அம்மாவிடம் இதைச் சொன்னால் போதும். ராத்திரி தூங்குவார்."

"நாலு சொல்லிலை சொல்லக்கூடிய பதில் அது," என்றாள் ஹம்சத்வனி. "'எனக்குச் சுட ஏலாமல் இருந்தது.' ஐஞ்சு மாசமா ஊரே கோழை எண்டு சொல்லேக்கை அந்த மனுசன் இதை ஏன் சொல்லேல்லை?"

"வெட்கம்."

"வெக்கப்படுறதுக்கு இதிலை என்ன இருக்கு? அந்தப் பதினொண்டை யோசிச்சுப் பாருங்கோ. ஃபோன்ரை முகப்பிலை தவறின அழைப்பு மட்டும்தான் தெரியும். எடுத்துக் கதைச்சது தெரியாது."

நான் நின்றுவிட்டேன்.

"தகவல் சொல்ல ஒருத்தர் ரெண்டு தரம் அடிப்பார், மூண்டு தரம் அடிப்பார்," என்றாள். "பதினொரு தரம் அடிக்கிறவர் சொல்லிப்போட்ட ஒண்டைத் திருப்பி வாங்கப் பாக்கிறார்."

பாலேந்திரன் மோர்டென்ஸ்ருட் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் பராமரிப்பாளர். நாங்கள் போனபோது மத்தியானம் இரண்டு மணி. பிள்ளைகள் விழுந்துவிடாமல் இருக்க, வாளியிலிருந்து பொடிக்கல்லை அள்ளி ஐஸ் பாதையில் விசிறிக்கொண்டிருந்தார். கோழிக்குத் தானியம் போடுவதுபோல் அளவாக, ஒரு கை ஒரு அடிக்கு. அறுபத்தொரு வயது. எங்களைப் பார்த்ததும் யார் என்று கேட்கவில்லை.

"யோகராணிதானே அனுப்பினவ?"

"ஓம் அங்கிள்." ஹம்சத்வனி காலுறையை எடுத்து நீட்டினாள். அவர் அதைத் தொடவில்லை.

"உங்களிட்டைப் போல்ட் இருக்கேல்லை," என்றாள். "கவிசன் பொல்சே வாங்கப் போகேக்கை அது அவரின்ரை பொக்கற்றிலை போய்ட்டுது. துவக்கைத் தனிய விடக் கூடாதெண்டு நீங்கள் காரடியிலை நிண்டனீங்கள். சரியோ?"

"சரி."

"முதலாவது தரம் ஃபோன் அடிக்கேக்கை அவர் எடுத்தவர். என்ன சொன்னனீங்கள்?"

பாலேந்திரன் வாளியைக் கீழே வைத்தார். கையுறையைக் கழற்றினார். திரும்பப் போட்டுக்கொண்டார்.

"முதல் மூண்டு நிமிசமும் நான் எல்லாம் சரியாத்தான் செய்தனான் பிள்ளை," என்றார். "ஒரு தாய் தள்ளுவண்டிலோடை நடுவிலை நிண்டவ. இழுத்துக்கொண்டு வந்து காரின்ரை எஞ்சின் பக்கத்துக்குப் பின்னாலை இருத்தினனான். பொலிசுக்கு அடிச்சனான். டிக்கியைத் திறக்கவே இல்லை. நான் செம்மஞ்சள் வேட்டைச் சட்டை போட்டிருந்தனான். அதைக் கண்டுட்டு அந்தத் தாய் கேட்டவ, நீ வேட்டைக்காரன்தானே, உன்னட்டைத் துவக்கு இருக்கும்தானே, ஏன் சும்மா இருக்கிறாய் எண்டு. பிள்ளை கத்துது. உள்ளை இன்னும் ரெண்டு வெடி கேக்குது."

பள்ளிக்கூடத்துக்குள் மணி அடித்தது. அவர் அது நிற்கும்வரை காத்திருந்தார்.

"கவிசனுக்கு அடிச்சனான். 'போல்ட்டைக் கொண்டு வா' எண்டனான்."

ஹம்சத்வனி நீட்டியிருந்த கையை இறக்கினாள்.

"அவ்வளவுதான். ஒன்பது செக்கன். ஃபோனை வைச்சுப்போட்டு டிக்கியைத் திறந்து துவக்கிலை கையை வைச்சனான். நிமிந்து பாத்தால் வாசலாலை மூண்டு பேர் ஓடி வாறாங்கள். ஒருத்தன்ரை கையிலை கறுப்பா ஏதோ இருக்கு. போல்ட் இருந்திருந்தால் நான் அவனைத்தான் குறி பாத்திருப்பன். அது அங்கத்தைக் காவலாளி, கையிலை இருந்தது வோக்கி டோக்கி. அப்பதான் எனக்கு விளங்கினது, நான் என்ன செய்யப் போறன் எண்டு. டிக்கியை மூடினனான். திருப்பி அடிச்சனான், வராதை, அங்கையே இரு எண்டு சொல்ல. அடிச்சனான். அடிச்சுக்கொண்டே இருந்தனான்."

"அவர் ஏன் எடுக்கேல்லை?"

"சாமான் அறைக்குள்ளை எல்லாரும் ஃபோன் சத்தத்தை நிப்பாட்டி வைச்சிருந்தவையாம். அதுதானே சரி, சத்தம் கேக்கக் கூடாதெல்லோ. முதல் தரம் ஃபோன் அவன்ரை கையிலை இருந்திருக்கு. பிறகு பொக்கற்றிலை போட்டுட்டு ஓடி வந்திருக்கிறான்." அவர் காலுறையைப் பார்த்தார். "ஒருத்தன் தனிய முடிவெடுக்கக் கூடாதெண்டு விதி வைச்சனான். கடைசியிலை நான் தனிய முடிவெடுத்தன். அவன் சுமந்துகொண்டு வந்தவன்."

"போலீஸுக்குத் தெரியுமா?" என்றேன்.

"எல்லாம் சொன்னனான் ஐயா. அது குற்றமில்லையாம். சட்டத்திலை அதுக்கு இடமில்லையாம்." வாளியை எடுத்தார். "கோழை எண்டு சொல்லட்டும். அது சின்னப் பேர்தானே. யோகராணிக்கு இது தெரிஞ்சால் அவ எப்பிடி இருப்பா?"

"மகன் பயந்து ஓடினவன் எண்டு ஆக்கள் சொல்லுறதைக் கேட்டுக்கொண்டு இருக்கிறா," என்றாள் ஹம்சத்வனி. "நீங்கள் அவவைக் காப்பாத்தேல்லை அங்கிள். அதையும் தனியத்தான் முடிவெடுத்திருக்கிறியள்."

பாதையில் இன்னும் பத்தடி ஐஸ் மிச்சம் இருந்தது. அவர் அதை முடித்துவிட்டுத்தான் வந்தார். நாங்கள் நின்றோம்.

நாலாவது மாடி. லிஃப்ட் இருந்தும் அவர் படியில்தான் ஏறினார். யோகராணி அம்மாள் கதவைத் திறந்தார். முதியோர் இல்லத்து வேலைக்குப் போகும் உடுப்பில் இருந்தார். எங்களுக்குப் பின்னால் நிற்பவரைப் பார்த்ததும் கதவின் கைப்பிடியை விடவில்லை. உள்ளே வாருங்கள் என்றும் சொல்லவில்லை.

ஹம்சத்வனி போல்ட்டைப் பற்றிச் சொன்னாள். சுருக்கமாக, ஆறேழு வரியில். அம்மாளின் முகம் கொஞ்சம் தளர்ந்தது. "அப்ப பாலா அண்ணையாலை ஏலாமல்தானோ போனது," என்றார். "இதைச் சொல்லியிருக்கலாமே. ஐஞ்சு மாசமா உங்களைத் திட்டாத திட்டில்லை."

அந்த இடத்தில் அவர் சரி என்று தலையாட்டியிருந்தால் கதை முடிந்திருக்கும். நான் அவர் தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டிவிடு ஐயா என்றுகூட நினைத்தேன், ஒளிப்பானேன்.

"அதோடை முடியேல்லை யோகராணி," என்றார் பாலேந்திரன். "அவன் பயந்து ஓடி வரேல்லை. பூட்டின அறைக்குள்ளை பத்திரமா இருந்தவன். நான்தான் ஃபோன் அடிச்சுக் கூப்பிட்டனான், போல்ட்டைக் கொண்டு வா எண்டு. பிறகு வராதை எண்டு சொல்லத்தான் அந்தப் பதினொரு தரமும் அடிச்சனான்."

மாடிப்படி விளக்கு தானாக அணைந்தது. யாரும் அசையாததால் அது மறுபடி எரியவில்லை. வீட்டுக்குள்ளிருந்து முதுகுப் பக்கம் விழுந்த வெளிச்சத்தில் அம்மாளின் முகம் தெரியவில்லை.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. மீனின் வயதைத்தான் எனக்குச் சொல்லத் தெரியும்.

"அவன் எடுத்துக் கதைச்சவனோ?" என்றார் கடைசியில்.

"ஓம்."

"என்ன சொன்னவன்?"

பாலேந்திரன் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. திட்டுக்கு, அடிக்கு, கதவு முகத்தில் அறைவதற்கு எல்லாம் தயாராக வந்திருந்தார்.

"'ஓம் மாமா, வாறன்' எண்டவன்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

"பயந்துபோய்ச் சொன்னவனோ?"

"இல்லை. மெதுவாச் சொன்னவன். பக்கத்திலை இருக்கிறவைக்குக் கேக்கக் கூடாதெண்டு. ஆனால் உடனை சொன்னவன்."

"உடனை," என்றார் அம்மாள். "சாப்பிட வா எண்டு நாலு தரம் கூப்பிடவேணும் அவனை. நாலாந்தரமும் 'பொறுங்கோ அம்மா' எண்டுதான் சொல்லுவான்." கைப்பிடியை விட்டுவிட்டு ஒரு அடி வெளியே வந்தார். விளக்கு எரிந்தது. "திருப்பி ஒருக்காச் சொல்லுங்கோ. அவன் சொன்ன மாதிரி."

பாலேந்திரன் சொன்னார். தாழ்ந்த குரலில், ஏதோ அறைக்குள் வேறு யாரோ ஒளிந்திருப்பதுபோல். அந்த மூன்று சொல்லையும் அம்மாள் தலையைச் சாய்த்து, காதை அவர் வாய்ப் பக்கம் கொடுத்துக் கேட்டார். பிறகு நிமிர்ந்தார்.

"இப்ப போங்கோ."

அவர் திரும்பி இறங்கினார். நாலு படி போயிருப்பார்.

"நாளைக்கும் வேலை முடிய வாங்கோ," என்றார் யோகராணி அம்மாள் மேலிருந்து. "வந்து அதைச் சொல்லிப்போட்டுப் போங்கோ. உங்களை மன்னிக்கிறதுக்கு இல்லை. அவன் கடைசியாக் கதைச்சது உங்களிட்டைத்தான் இருக்கு."

பாலேந்திரன் படியில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"ஓம்," என்றார். அடுத்து கவிசனின் கடைசிச் சொல் உதடுவரை வந்தது. அதை அவர் சொல்லவில்லை.